அளக்காமல் எழுதியது

ஆறரைக்கு எழுந்தேன். போர்வையை மடித்து சோபாவின் கைப்பிடியில் போட்டேன். பல் தேய்த்தேன். குழாயில் தண்ணீர் ஏழு வரைதான் வரும் என்பதால் இரண்டு வாளிகளை நிரப்பி வைத்தேன். டீ போட்டேன். நேற்று வாங்கிய ரொட்டியில் மிச்சமிருந்த இரண்டு துண்டுகளை அதில் நனைத்துத் தின்றேன். முகம் மழித்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன், காலருக்கும் முன்பக்கத்துக்கும் மட்டும். முதுகை யாரும் பார்க்கப்போவதில்லை. ஏழு பத்துக்குப் பாப்பாவுக்கு போன் செய்தேன்.

ஏழு பத்து என்பது அண்ணி வைத்த நேரம். அண்ணி என் மனைவியின் அக்கா. பாப்பா ஏழு மாதமாக அவர்கள் வீட்டில் இருக்கிறாள். பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். பாப்பாவுக்கு நான்கு வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது.

"அப்பா, இன்னிக்கு எனக்கு ரெட்ட ஜடை."

"காட்டு பாக்கலாம்."

"போன்ல எப்படிக் காட்டுறது? நீ லூசா?"

"லூசுதான். வேற என்ன விசேஷம்?"

"திங்கக்கிழம ஸ்கூல். பையில மீன் போட்டிருக்கு. மூணு மீன். பெரியப்பா கொண்டு விடுவாராம். நீ வந்தா கேட்டுக்கு வெளிய நிக்கணும்."

"நிக்கறேன்."

போன் கை மாறியது. பின்னால் குக்கர் சத்தம்.

"இன்னிக்கும் அந்த கிளாஸ்தானா தம்பி?"

"ஆமா அண்ணி. நேத்து ஒரு நாள் முடிஞ்சுது. இன்னிக்கோட சரி."

"முடிச்சா வேல உறுதியா?"

"முடிச்சவங்கள முதல்ல இன்டர்வியூவுக்கு அனுப்புவாங்க."

"இன்டர்வியூ வேற, வேல வேற. நான் சொன்னதுதான். ஒரு வேல, பகல்ல பாத்துக்க ஒரு ஆள். ரெண்டையும் காட்டுங்க, நானே கொண்டுவந்து விட்டுர்றேன். ஆனா திங்கக்கிழம ஸ்கூல்ல சேத்துட்டா அப்புறம் அவ இங்கதான். நட்ட செடிய வாரத்துக்கு ஒருதடவ புடுங்கிப் பாக்க முடியாது."

"சரி அண்ணி."

"நான் என் இஷ்டத்துக்கா பண்றேன்? அவளே சொல்லிட்டுப் போனதுதான?"

அண்ணி போனை வைத்துவிட்டாள். அன்று சனிக்கிழமை.

என் மனைவி அப்படி எதுவும் சொல்லிவிட்டுப் போகவில்லை. அது நான் சொன்னது.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்றாவது நாள். குடல்வால் அறுவை நல்லபடியாக முடிந்து, மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். பாப்பாவை அழைத்துக்கொண்டு மதியம் பார்க்கப் போனேன். கொஞ்ச நேரம் இருந்தோம். அப்புறம் நானும் பாப்பாவும் கீழே போனோம். போய் வர எட்டு நிமிடம் ஆகியிருக்கும். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள். நுரையீரலுக்கு இரத்தக்கட்டி போய்விட்டது என்றார்கள். யார் கையிலும் இல்லாதது என்றார்கள். நான் தலையாட்டினேன். தாளில் கையெழுத்துப் போட்டேன்.

அண்ணி மூன்று மணி நேரம் கழித்து வந்தாள். அக்கா தங்கைக்குள் அதற்கு முன் எட்டு மாதமாகப் பேச்சு இல்லை. ஏதோ ஒரு வார்த்தையில் ஆரம்பித்த சண்டை. என்ன வார்த்தை என்று எனக்கு நினைவில்லை. நடைபாதையில் என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்தாள். "கடைசியா என்ன சொன்னா? என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா? சொல்லுங்க தம்பி, சொல்லுங்க." சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து ஓடியது. யாரோ அதை எடுத்து என் கையில் கொடுத்தார்கள்.

"பாப்பாவ அக்கா பாத்துக்கட்டும்னு சொன்னா" என்றேன்.

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். ஆனால் சட்டையை விட்டுவிட்டாள். நான் நினைத்தது அவ்வளவுதான், விட்டால் போதும். அன்று சாயங்காலமே பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இன்னும் இறக்கவில்லை.

என் வேலை தராசுகளைச் சரிபார்ப்பது. மருந்துத் தொழிற்சாலை, ரொட்டித் தொழிற்சாலை, பரிசோதனைக்கூடம் என்று போய், முத்திரையிட்ட எடைக்கற்களை வைத்து, அங்குள்ள தராசு சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கல்லையும் மூன்று தடவை வைக்க வேண்டும். வைக்க, எடுக்க, பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருக்க, மறுபடி வைக்க. கையுறை போட்டு, இடுக்கியால். ஒரு தராசுக்கு ஒன்றரை மணி நேரம். எனக்கு அது பிடித்திருந்தது. பௌதிகம் படித்துவிட்டுக் கல் தூக்குகிறேன் என்று என் மனைவி கேலி செய்வாள்.

அவள் போய்ப் பதினாறாம் நாள் வேலைக்குத் திரும்பினேன். தராசுக்கு முன்னால் உட்காருவேன். கற்பெட்டியைத் திறப்பேன். கல்லை எடுக்கமாட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்துப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு வருவேன். என்ன வர வேண்டும் என்பதுதான் தெரியுமே. அப்படிப் பதினோரு படிவம். பன்னிரண்டாவதை மேலாளர் உட்காரவைத்துக் காட்டினார்.

"மூணு தடவையும் கடைசி இலக்கம் வரைக்கும் ஒண்ணாவே இருக்கு. நீ எத்தன வருஷமா இந்த வேல பாக்குற?"

"ஆறு."

"ஆறு வருஷத்துல எந்தத் தராசாவது மூணு தடவ ஒரே எண்ணக் காட்டிப் பாத்திருக்கியா? ஒரு மூச்சு விட்டாலே ஆடுமேடா. கல்லத் தொட்டியா இல்லையா?"

"தொடல."

நல்ல மனிதர். திட்டவில்லை. அடையாள அட்டையைக் கழற்றி வாங்கி இழுப்பறையில் போட்டு மூடினார்.

அதற்குப் பிறகு ஐந்து மாதமாக வேலை இல்லை. ஏன் விட்டீர்கள் என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். எழுந்து நின்று கை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். கடைசியில் போனது ஒரு வேலைவாய்ப்பு முகவரிடம். அங்கிருந்த பெண் என் விண்ணப்பத்தை மூடிவைத்துவிட்டு, "வேலையத் தேடறதுக்கு முன்னாடி உங்களத் தேடுங்க சார்" என்று ஒரு துண்டுத்தாள் கொடுத்தாள். சுய அறிதல் பயிலரங்கு, இரண்டு நாள், புதிது. முடித்தவர்களைத்தான் முதலில் அனுப்புவார்களாம். செவ்வாய்க்கிழமை ஒரு சர்க்கரை ஆலையில் ஆள் எடுக்கிறார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் போனேன். செவ்வாய்க்கிழமை நிச்சயம் என்று எழுத்தில் ஏதாவது கிடைத்தால், அதைக் காட்டி அண்ணியிடம் ஒரு வாரம் கேட்கலாம் என்பது திட்டம். திட்டம் என்று அதைச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. வேறு இருக்கவில்லை.

டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. பதினொரு பிளாஸ்டிக் நாற்காலி வட்டமாக. கீழே காற்றடிக்கிற சத்தம். பயிற்சியாளருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பதினொரு பேருக்குப் பேச காதில் மைக் மாட்டியிருந்தார். முதல் நாள், சட்டையில் ஒட்ட ஆளுக்கு ஒரு வெள்ளை வில்லை கொடுத்தார்.

"பேர் எழுதாதீங்க. பேரு மத்தவங்க வச்சது. நீங்க உங்களுக்கு யாரு? அத எழுதுங்க."

ஒருவர் நெருப்பு என்று எழுதினார். ஒரு பெண் நதி என்று எழுதினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஐம்பது வயதுக்காரர் கூரியர் என்று எழுதி ஒட்டிக்கொண்டார். இருபத்திரண்டு வருடம் கூரியர் கம்பெனியில் பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் பிரிவில் இருந்தவர். நான் எதுவும் எழுதாமல் ஒட்டிக்கொண்டேன்.

"அருமை" என்றார் பயிற்சியாளர். "வெற்றிடம். எவ்ளோ தைரியம் பாருங்க."

கூரியர்க்காரர் என் காதருகே சாய்ந்தார். "பேனா எழுதலியா?"

"எழுதுது."

"இங்க ரெண்டு நாள் என்னையே தேடச் சொல்றான். தேடி நான் கிடைச்சுட்டேன்னு வை, அவனுக்கும் சேத்துல்ல வேல பாக்கணும்? ஒருத்தனுக்கே வழியக் காணோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அது சிரிப்புதான் என்று தெரிய சற்று நேரம் ஆனது.

முதல் நாள் மரம் வரைந்தோம். கண்ணைக் கட்டிக்கொண்டு சுவரைத் தொட்டோம். கண்ணாடி முன் நின்று மன்னிப்புக் கேட்டோம். நான் எல்லாவற்றையும் செய்தேன். விடை என்ன வர வேண்டும் என்று பார்த்து அதைக் கொடுத்தேன். சாயங்காலம் பயிற்சியாளர் என் தோளைத் தட்டி, "நல்லா திறந்து வரீங்க" என்றார்.

இரண்டாம் நாள் வட்டத்தின் நடுவில் ஒரு காலி நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

"உங்கள விட்டுப் போன ஒருத்தர். ஆளோ வேலையோ, எதுவா இருந்தாலும் சரி. இங்க உக்கார வைங்க. கடைசியா அவங்க உங்ககிட்ட என்ன சொன்னாங்களோ அத அவங்க குரல்லயே சொல்லுங்க. மூணு தடவ. மூணாவது தடவ அது உங்கள விட்டு வெளிய வந்துரும்."

நதி தன் அப்பாவை உட்காரவைத்து அழுதாள். நெருப்பு தன் பங்காளியை உட்காரவைத்துத் திட்டினார். கூரியர்க்காரர் மனிதவள அதிகாரியை உட்காரவைத்து, "சார், நாளைலேருந்து நீங்க வர வேண்டாம், டீ சாப்பிடறீங்களா" என்று மூன்று தடவையும் மூன்று விதமாகச் சொன்னார். மூன்றாவதில் அவர் குரல் உடைந்தது. சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

என் முறை வந்தது. நாற்காலிக்கு முன் உட்கார்ந்தேன்.

"யாரு?"

"என் மனைவி."

"கடைசியா என்ன சொன்னாங்க?"

"பாப்பாவ அக்கா பாத்துக்கட்டும்."

நதி வாயைப் பொத்திக்கொண்டாள். பயிற்சியாளர் மைக்கை இறக்கிவிட்டார். "ம். இன்னொரு தடவ."

"பாப்பாவ அக்கா பாத்துக்கட்டும்."

"குழந்த இப்ப எங்க?"

"அக்காகிட்ட."

"நீங்க அத ஏத்துக்கல. அதான் உங்கள அடைச்சுட்டிருக்கு. அவங்க ஆசைய நிறைவேத்தியும் நீங்க விடல. கைய இப்படி இறுக்கி வச்சிருக்கீங்க. திறங்க. திறந்துட்டு மூணாவது தடவ சொல்லுங்க."

கையைத் திறந்தேன். "பாப்பாவ அக்கா பாத்துக்கட்டும்."

எனக்கு அந்த வாக்கியம் கேட்டது. மூன்று தடவையும் ஒரே நீளம். ஒரே இடத்தில் ஏறி ஒரே இடத்தில் இறங்கியது. ஆஸ்பத்திரி நடைபாதையில் சொன்னதும் இதே நீளம்தான். ஏழு மாதத்தில் ஒரு எழுத்து ஆடவில்லை.

பயிற்சியாளர் மஞ்சள் தாள் ஒன்றையும் பேனாவையும் மடியில் வைத்தார். "விடுதலைக் கடிதம். அவங்களுக்கு எழுதுங்க. 'நம்ம குழந்தைய உன் அக்காகிட்ட முழுசா விட்டுட்டேன், இனி நான் என் வாழ்க்கையப் பாக்கறேன்.' எழுதிக் கையெழுத்துப் போட்டு நாற்காலில வைங்க. அதோட முடிஞ்சுது."

பத்து பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஈரக் கண்களோடு, எனக்கு நல்லது நடக்கப்போகிறது என்ற முகத்தோடு. நான் பேனா மூடியைக் கழற்றினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். அவ்வளவு பேர் சாட்சி. 'நம்ம' என்று எழுதினேன். அடுத்து 'குழந்தைய' என்று எழுத வேண்டும். பேனா நகரவில்லை. ஏழு மாதத்தில் எனக்கு எங்கேயும் வலித்ததில்லை. இப்போது மூச்சு விட முடியாதபடி வலித்தது.

"அவ அப்படிச் சொல்லல" என்றேன்.

"என்ன?"

"அவ சொன்னது இது இல்ல. நான் எழுதிக்கிட்டது."

"பரவால்ல, பரவால்ல. அது எதிர்ப்பு. மனசு அப்படித்தான் தப்பிக்கப் பாக்கும்."

எழுந்தேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. பயிற்சியாளர் வாசல்வரை வந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். அப்படிப் பேசும்போது சாதாரண ஆளாக இருந்தார்.

"சார், பாதில போனா நான் கையெழுத்துப் போட முடியாது. செவ்வாய்க்கிழம லிஸ்ட்ல நீங்க இருக்கமாட்டீங்க. எனக்கு மேலயும் ஆள் இருக்காங்க. ஒரு ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டுப் போங்க."

"அந்தத் தாள்ல எழுதாம உக்காரலாமா?"

யோசித்தார். "எல்லாரும் எழுதணும்" என்றார்.

படியிறங்கும்போது கூரியர்க்காரர் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். "தம்பி, எங்க?"

"பொண்ணப் பாக்க."

"அப்ப நில்லாத, போ."

பஸ்ஸில் உட்கார இடமில்லை. இரண்டரை மணி நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சர்க்கரை ஆலை போனது. அதை நினைத்தேன். அண்ணிக்குக் காட்ட இப்போது என்னிடம் வேலையும் இல்லை, வேலை வரும் என்ற தாளும் இல்லை. அவள் என் வார்த்தையை நம்பியது ஒன்றுதான் இருந்தது, அதையும் கலைக்கப் போகிறேன். சொன்னால் நம்புவாள் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. வழியில் இரண்டு தடவை இறங்கிவிடலாமா என்று பார்த்தேன். இறங்கி எங்கே போவது?

நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். சகலை கதவைத் திறந்தார். குளியலறைக் குழாய்கள் விற்கிற கடை வைத்திருப்பவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

"வாங்க சகல. ஞானம் வந்துருச்சா? இல்ல அடுத்த பஸ்ல வருதா?"

பிறகு என் முகத்தைப் பார்த்தார். பாப்பா உள்ளேயிருந்து ஓடிவந்து என் முழங்காலில் மோதினாள். முதுகில் பை. மூன்று மீன்.

"அப்பா, நீ திங்கக்கிழமன்னு நெனச்சு வந்துட்டியா? இன்னிக்கு சனி."

"தெரியாம வந்துட்டேன்."

சகலை அவளைப் பையோடு தூக்கினார். "வாடி, மாடில காக்கா எத்தனன்னு எண்ணிட்டு வருவோம்." போகும்போது என்னிடம், "எதா இருந்தாலும் மெதுவாப் பேசுங்க. உங்க அண்ணி மதியம் சாப்பிடல" என்றார்.

அண்ணி உள்ளறையில் தரையில் உட்கார்ந்து சீருடையின் கீழ்விளிம்பை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். வளர வளரப் பிரித்துவிட வசதியாக மூன்று விரற்கடை உள்ளே விட்டிருந்தாள். மூன்று வருடத்துக்கான துணி. நான் எதிரே உட்கார்ந்தேன்.

"வேல?"

"இல்ல அண்ணி. பாதில வந்துட்டேன்."

"நெனச்சேன்." ஊசியை இழுத்தாள். "நீங்க நல்லவருதான் தம்பி. ஆனா எதுலயும் நிக்கமாட்டேங்கிறீங்க."

"அண்ணி, அன்னிக்கு ஆஸ்பத்திரில உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன்ல. பாப்பாவ அக்கா பாத்துக்கட்டும்னு அவ சொன்னதா."

"அதுக்கென்ன?"

"அவ சொல்லல. நானா சொன்னது."

ஊசி துணிக்குள் பாதியில் நின்றது. அவள் நிமிரவில்லை.

"நீங்க கேட்டுட்டே இருந்தீங்க. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. உங்களுக்கு என்ன தேவையோ அதச் சொல்லிட்டேன். சொல்றப்ப இவ்ளோ தூரம் வரும்னு நான் நினைக்கல. நான் எதையுமே நினைக்கல அண்ணி."

"திங்கக்கிழம ஸ்கூல். சனிக்கிழம வந்து இதச் சொல்றீங்க."

"ஆமா."

"வேல கிடைக்கல, அதனால இப்படி ஒரு வழி. அப்படித்தான?"

"அப்படித்தான் தெரியும்."

"ஏழு மாசம் வாயில என்ன வச்சிருந்தீங்க? அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யான்னு நான் எதவச்சுக் கண்டுபிடிக்கிறது?"

"ஒண்ணும் இல்ல. என்கிட்ட காட்டறதுக்கு எதுவும் இல்ல."

சீருடையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். மறுபடி எடுத்தாள். மாடியில் பாப்பா எண்ணுவது கேட்டது. ஏழுக்கு அப்புறம் ஒன்பது சொன்னாள். சகலை திருத்தவில்லை.

"அப்ப என்னைப் பத்தி ஒரு வார்த்த கூடச் சொல்லலயா?"

"இல்ல அண்ணி."

"கோவமாக்கூட?"

"இல்ல."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. முகம் சின்னதாகிவிட்டது. நான் ஏழு மாதம் முன்பு கொடுத்ததை இப்போது கையிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தேன். அது எனக்குத் தெரிந்தது. நிறுத்த முடியவில்லை.

"அண்ணி, அவள எனக்குக் குடுங்க. நாளைக்கே வேல கிடைக்கும்னு சொல்லமாட்டேன். அவளப் பாத்துக்கத் தெரியும்னும் சொல்லமாட்டேன். எனக்கு வேற ஒண்ணும் இல்ல. குடுத்துருங்க."

"நீங்க என் தங்கச்சி பக்கத்துல தான இருந்தீங்க? உங்க கண்ணு முன்னாடி தான போனா?"

"ரூம்ல இல்ல. கீழ இருந்தேன். நானும் பாப்பாவும்."

அதை அவளிடம் நான் சொன்னதே இல்லை. யாரிடமும் சொன்னதில்லை.

"அவள அந்த நிலைமைல விட்டுட்டுக் கீழ எதுக்குப் போனீங்க?"

"அவதான் போகச் சொன்னா."

"என்னன்னு?"

தரையில் கிடந்த நூல்கண்டை எடுத்து அவள் பக்கம் தள்ளினேன்.

"என்னன்னு போகச் சொன்னா? அதச் சொல்லுங்க. ஜோடிக்காம சொல்லுங்க. ஜோடிச்சீங்கன்னா இந்தத் தடவ எனக்குத் தெரிஞ்சுரும்."

"ஜன்னலோரக் கட்டில். தலையணைல சாஞ்சு கீழ பாத்துட்டிருந்தா. பாப்பா அவ கால்மாட்டுல உக்காந்து பிஸ்கட் தின்னுட்டிருந்தா. பெருசா ஒண்ணும் இல்ல அண்ணி. ஒரு வார்த்த முன்ன பின்ன இருக்கலாம், எனக்கே சரியா ஞாபகம் இல்ல."

"சொல்லுங்க."

சொன்னேன்.

"வண்டிய ஏன் வெயில்ல போட்டிருக்கீங்க? பாப்பா உக்கார்றப்ப சீட்டு சுடும். போய் நிழல்ல போட்டுட்டு வாங்க."